ஊர்ப்பொதுவிலிருந்து செவித்துளைக்கு: சேலம், நாமக்கல் சமவெளியில் கேட்டலின் வரலாறு

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் 'ப்ளூடூத்' என்னும் சொல் கழுத்தில் தொங்கும் ஒரு பொருளைக் குறிக்கிறது. கடையில் 'ஒரு ப்ளூடூத் குடுங்க' என்று கேட்டால், நெக்பேண்ட் எனப்படும் கழுத்துவளையக் கருவியை எடுத்து வைப்பார்கள். கம்பியோடு வருவது 'ஹெட்செட்'. காதுக்கொன்றாகத் தனித்தனியே செருகிக்கொள்வது 'பட்ஸ்'. தலைக்குமேல் வளைந்து இரு செவிகளையும் மூடும் பெரிய கருவிக்கு மட்டும் 'ஹெட்போன்' என்ற பெயர் எஞ்சுகிறது. 'காதொலிப்பான்' போன்ற கலைச்சொற்கள் இந்தக் கடைவீதி வரை வந்து சேரவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. தறிக்காரர்கள் வைத்த பெயர்களில் பயன்பாட்டை ஒட்டிய ஒரு வகைப்பாடு இருக்கிறது. அகராதியில் அது கிடையாது.

இந்த நான்கு பொருள்களில் எதை வாங்கலாம் என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் நேர்விடை சொல்ல இயலாமல் நான் வரலாற்றுக்குள் போய்விடுகிறேன். கேட்டல் என்பது இச்சமவெளியில் நெடுங்காலம் ஊர்ப்பொதுவாக இருந்த காரியம். அது எவ்வாறு ஒரு தனி மனிதனின் செவித்துளைக்குள் போய் அடைந்தது என்பது, கருவியைத் தேர்ந்தெடுப்பதோடு நெருங்கிய தொடர்புடையது என்று நினைக்கிறேன்.

வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்தபடியாக, 42ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். எழுத்தறியாதவனுக்கும் அறிவு புகும் வாயில் திறந்திருக்கிறது என்பது அவ்வைப்புமுறையின் உட்கிடை. அந்த வாயில் பெரும்பாலும் கூட்டமாகவே திறந்தது. கதாகாலட்சேபம், தெருக்கூத்து, உடுக்கடித்துப் பாடப்படும் அண்ணன்மார் சாமி கதை ஆகிய எல்லாமே பலர் ஒருங்கமர்ந்து கேட்டவை. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்புச் சத்தியாக்கிரகப் படையை நடத்திச் சென்றபோது தொண்டர்கள் பாடிச்சென்ற நடைப்பாடலை இயற்றியவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. ஒலிபெருக்கி இல்லை, வானொலி இல்லை. ஒருவர் பாட மற்றவர் கேட்டு வாங்கிக்கொண்டு பாடினர். ஒரு பாட்டு நாடெங்கும் பரவுவதற்கு அன்று இருந்த கருவி தொண்டையும் காதும்தான்.

*

கம்பியில்லா ஒலியின் வரலாறோ இதற்கு நேர்மாறான இடத்தில், ஒரே ஒரு மனிதனின் காதில், தொடங்கியது. 1901 டிசம்பர் 12 அன்று நியூபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில் மார்க்கோனி ஒரு தொலைபேசிச் செவிக்குழலைக் காதோடு அழுத்திக்கொண்டு, அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலிருந்து வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அறிவித்தார். அக்குழலோடு அவர் இணைத்திருந்த பாதரசக் கருவி, ஜகதீச சந்திர போஸ் 1899இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் விவரித்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். கல்கத்தாவுக்கும் அந்தக் குன்றுக்கும் இடையே இப்படியொரு நூலிழை ஓடுகிறது.

ஹெட்போன் என்று நாம் அடையாளம் காணக்கூடிய வடிவம் 1910இல் வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் செய்த இணைச் செவிக்கருவிகளை அமெரிக்கக் கடற்படை வாங்கிக்கொண்டது. கப்பலில் மோர்ஸ் ஒலியைப் பிரித்தறிவது அன்றைய தேவை. இசை கேட்பதற்கு என்று எவரும் எண்ணவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப் அமைந்தது. அவ்வாண்டு ஜூலை 31இல் 40 வாட் கருவியைக்கொண்டு ஒலிபரப்பு தொடங்கியது. அந்நாளில் பெரிதும் புழங்கிய எளிய வாங்கிகள் படிகத்தால் இயங்குபவை. மின்கலம் வேண்டியதில்லை; வானலையில் வரும் மிகச்சிறிய ஆற்றலே செவிக்கருவியின் தகட்டை அதிரச் செய்துவிடும். அவ்வளவு சிறிய ஆற்றலால் ஒலிபெருக்கியை இயக்க முடியாது. ஆகவே முதல் வானொலி நேயர்கள் அனைவரும் ஹெட்போன் நேயர்களே. ஒரு வீட்டில் நால்வர் கேட்க வேண்டுமானால் நான்கு செவிக்கருவிகள் தேவைப்பட்டன. கிளப் பணமுடையால் 1927இல் மூடப்பட்டது. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. அந்த 40 வாட் குரல் சேலத்தை எட்டியிருக்க வாய்ப்பில்லை. சேலத்திற்கு மின்வழி ஒலி வேறொரு வாயிலில் வந்தது.

1935இல் திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம், அதாவது டி.ஆர். சுந்தரம், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர் அவர். நெசவு படித்தவர் ஒலிக்கூடம் கட்டினார் என்பது இக்கட்டுரையின் பிற்பகுதிக்குத் தேவைப்படும் ஒரு செய்தி. வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1937இல் 'சதி அகல்யா', 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்', 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. பின்னணிப் பாடல்முறை வேரூன்றாத முப்பதுகளில் நடிகர் காமிராவின் முன் நின்று தாமே பாட வேண்டும்; பக்கவாத்தியக்காரர்கள் மரத்தின் பின்னோ திரையின் பின்னோ மறைந்திருந்து வாசிப்பார்கள்; எல்லாம் ஒரே மைக்கில் பதிவாகும். அந்தப் பதிவு சரியாக இருக்கிறதா என்று உடனுக்குடன் அறிந்தவர் ஹெட்போன் அணிந்த ஒலிப்பதிவாளர் ஒருவரே. காக்கை கரைந்தால் அவர்தான் நிறுத்தச் சொல்வார். சேலத்தில் 'உயர்தர ஒலி' என்பதற்காக ஹெட்போனைத் தொழில்முறையாகப் பயன்படுத்திய முதல் தலைமுறை இவர்களாகவே இருக்க வேண்டும் என்பது என் ஊகம். நாயகர்களின் பெயர்களை ஊரே அறிந்திருந்தது. ஒலிப்பதிவாளர்களின் பெயர்கள் எழுத்து அட்டையில் ஓரிரு நொடிகள் ஓடி மறைந்தன. சுந்தரம் 1963இல் மறைந்தார். ஏற்காடு செல்லும் சாலையில் ஸ்டுடியோவின் நுழைவு வளைவு மட்டும் எஞ்சியது.

*

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16இல் தொடங்கியபோது சமவெளிக்கு ஒரு நிரந்தரக் குரல் கிடைத்தது. வால்வு ரேடியோ செல்வர் வீட்டுப் பொருள். அதற்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்கீழ் வந்த அந்த உரிமமுறை 1980களின் நடுவில்தான் ஒழிந்தது. ஆகவே பெரும்பாலோர் கேட்டது ஊர்ப்பொது ரேடியோ. பஞ்சாயத்து அறையில் பெட்டி இருக்கும். அங்கிருந்து கம்பி இழுத்து வெளியே கம்பத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டியிருப்பார்கள். மாலையில் செய்தியும் வேளாண் நிகழ்ச்சியும் ஊர் முழுவதற்கும் பொது. அறுபதுகளின் பிற்பகுதியில் தஞ்சை உழவர்கள் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தை 'ரேடியோ நெல்' என்று அழைத்தார்கள் என்பது திருச்சி நிலையத்தின் பெருமைகளுள் ஒன்று. ஒரு விதைக்குக் கேள்விவழியில் பெயர் அமைந்த வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து பெரிதும் ஒதுக்கினார். நாடு முழுவதும் நேயர்கள் ரேடியோ சிலோனுக்குத் திரும்பினார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கிய பின்னரும் தமிழகத்தில் இலங்கை வானொலியின் பிடி தளரவில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் தமிழ் உச்சரிப்பை என் முந்தைய தலைமுறையினர் இன்றும் வியந்து பேசக் கேட்கிறேன். சிற்றலையில் ஒலி ஏறியும் இறங்கியும் கரகரத்தும் வரும். தரம் என்று இன்று எதைச் சொல்கிறோமோ அதன் அளவுகோலில் அது தேறாது. ஆயினும் காது அந்தக் கரகரப்பைத் தள்ளிவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. கேட்பவனின் கவனம் எவ்வளவு பெரிய சுத்திகரிப்புக் கருவி என்பதை இன்றைய விளம்பரங்கள் சொல்வதில்லை.

எண்பதுகளில் கேசட் வந்தது. கடைவீதிகளில் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. விரும்பிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, 60 நிமிடமோ 90 நிமிடமோ ஓடும் வெற்று நாடாவில் பதிந்து வாங்கிய காலம். டீக்கடை டேப்ரிக்கார்டர், பேருந்து டேப்ரிக்கார்டர், திருவிழாவின் குழாய் ஸ்பீக்கர் என எல்லாம் பிறர் காதுக்கும் சேர்த்தே பாடின. இதை ஒரு பொற்காலமாகக் காட்டுவது எனக்கு உடன்பாடன்று. தேர்வுக்காலத்தில் மாரியம்மன் பண்டிகை வந்தால் மாணவர் பட்ட பாடு அவரவர்க்கே தெரியும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுத்த ஏற்பாட்டை உறுதிப்படுத்திய 2005 ஜூலையின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் எவ்வளவோ பேருக்குத் தூக்கத்தைத் திருப்பித் தந்தன.

தனியே கேட்பது பண்பாகுமா என்ற தயக்கம் அதைக் கண்டுபிடித்தவர்களுக்கே இருந்தது. 1979 ஜூலையில் சோனி நிறுவனம் வெளியிட்ட முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் துளைகளும் ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தானும் இருந்தன. இருவர் சேர்ந்து கேட்கலாம். பொத்தானை அழுத்தினால் பாட்டு தணிந்து, ஒருவர் பேசுவது மற்றவர்க்குக் கேட்கும். ஒருவர் மட்டும் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்று அதன் தலைவர் அகியோ மொரிட்டா கருதினார். பின்வந்த மாதிரிகளில் அந்த இரண்டாம் துளையும் பொத்தானும் மறைந்துபோயின. வாங்கியவர்களுக்கு அவை தேவைப்படவில்லை.

*

இசைக்கென்றே செய்த முதல் இருதடக் ஹெட்போனை 1958இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ் அறிமுகம் செய்தார். 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற திறந்த வகைக் கருவியை வெளியிட்டது. பின்புறம் அடைபடாததால் ஒலி தலைக்குள் நெரிபடாமல் எதிரே விரிந்து நிற்பதுபோல் தோன்றும்; ஆனால் வெளியோசை உள்ளே வரும், உள்ளோசை வெளியே போகும். மூடிய வகையில் இவ்விரண்டும் குறைவு. ஒலிவெளியும் சற்றுக் குறுகும். அன்று ஏற்பட்ட இந்தப் பிரிவினை இன்றளவும் செல்லுபடியாகிறது. அமைதியான அறை உடையவர் திறந்த வகையை எண்ணலாம். பேருந்திலும் விடுதியிலும் வாழ்கிறவருக்கு அது பயன்படாது.

கம்பியை அறுத்த ப்ளூடூத் 1994இல் சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் உருவாகத் தொடங்கியது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹெரால்டின் பட்டப்பெயர் அதற்கு வாய்த்தது. பள்ளிபாளையத்தார் ஒரு வைக்கிங் அரசனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தறிக்குப் போகிறார்கள் என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1600 முறை வரை தடம் தாவித் தாவிச் செல்கிறது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் இயங்குவதால் இந்தத் தாவல் வேண்டியிருக்கிறது. மனித உடலின் நீர் இவ்வலைகளை உறிஞ்சிக்கொள்ளும். கைப்பேசி காற்சட்டையின் பின்பையில் இருக்கும்போது பாட்டு விட்டுவிட்டு வருவதற்குப் பல வேளைகளில் காரணம் இதுதான். மார்புப் பைக்கு மாற்றினால் போதும்.

இசையை இருதடமாக அனுப்பும் முறை 2003இல் வரையறுக்கப்பட்டது. குறுந்தகட்டின் இசை நொடிக்கு 1411 கிலோபிட் அளவுடையது. ப்ளூடூத் வழியே அது அப்படியே போகாது. சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். எல்லாக் கருவிகளிலும் கட்டாயமாக இருக்கும் எஸ்.பி.சி. என்னும் சுருக்கமுறை வழக்கமாக 328 கிலோபிட் வரை செல்லும். பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் எண்பதுகளில் பிறந்த ஆப்ட்எக்ஸ் 352 கிலோபிட். 2015இல் சோனி அறிமுகம் செய்த எல்டாக் 330, 660, 990 என மூன்று படிகளில் இயங்கும். இம்முறை கைப்பேசி, ஹெட்போன் இரண்டிலும் இருந்தால்தான் வேலை செய்யும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஆண்ட்ராய்டில் 2017 முதல் எல்டாக் இடம்பெற்றது, ஐபோன்கள் எஸ்.பி.சி., ஏ.ஏ.சி. ஆகிய இரண்டையே ஏற்கின்றன. ஐபோன் வைத்திருப்பவர் எல்டாக்குக்காக ஆயிரக்கணக்கில் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இந்த எண்களுக்கு நாம் தரும் மதிப்பு மிகையானது என்பதே என் கருத்து. தரத்தைப் பாதிப்பவற்றுள் முதலிடம் பதிவுக்கு. யாரோ கைப்பேசியில் எடுத்து, பத்துக் கைமாறி வந்த கச்சேரிப் பதிவை 990 கிலோபிட்டில் அனுப்பினாலும் உள்ளது தான் வரும். அடுத்த இடம் காதில் பொருந்துவதற்கு. பட்ஸின் சிலிக்கான் முனை பெட்டியில் மூன்று அளவுகளில் வருகிறது; பலர் மாட்டியிருப்பதைக் கழற்றிப் பார்ப்பதேயில்லை. முனை தளர்ந்திருந்தால் தாழ்சுருதிகள் வெளியே கசிந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும், வலந்தலை மட்டும் டக்டக்கென்று கேட்கும். அப்போது கருவியைக் குறைசொல்வதற்கு முன் முனையை மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, ஹெட்போனின் அதிர்தகடும் அதைச் சுருதிப்படுத்திய விதமும். நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெரும்பாலானவை தாழ்சுருதியை மிகைப்படுத்தியவை. குத்துப்பாட்டுக்கு அது இனிக்கும். நாதஸ்வரத்தின் மீது தவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுருக்கமுறை இவற்றுக்கெல்லாம் பிறகே வருகிறது.

கடையில் சோதிக்க வேண்டுமானால் தம்புராவை மட்டும் ஒரு நிமிடம் கேளுங்கள். ஜீவா நூலால் எழும் அந்த மேற்சுரங்களின் இழைகள் ஒவ்வொரு மீட்டலிலும் விரிந்து அடங்குவது தெரிந்தால் உயர்சுருதி பழுதில்லை. பிறகு நீங்கள் நன்கறிந்த ஒரு குரல். அறியாத பாட்டை வைத்துக் கருவியை எடைபோட முடியாது. மூன்றாவது சோதனையாக நான் பரிந்துரைப்பது உடுக்கை. அண்ணன்மார் கதையை 1965இல் கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் கொங்குநாட்டில் ஒலிநாடாவில் பதிவு செய்து, பின்னர் நூலாகவும் வெளியிட்டார் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அத்தகைய களப்பதிவுகளில் பாடகரின் குரலுக்குப் பின்னே இருமல், குழந்தை அழுகை, யாரோ 'ஆமா' போடுவது எல்லாம் ஒளிந்திருக்கும். உடுக்கையின் விரைந்த அடிகளைக் குழப்பாமல், அந்தக் கூட்டத்தையும் காட்டித்தரும் ஹெட்போனே நல்ல ஹெட்போன். நாட்டார் வழக்காற்று மாணவருக்கு இது ஆடம்பரப் பொருளாகாது. எழுத்துப்பெயர்ப்பில் ஒரு சொல் தப்பாமல் காக்கும் கருவி.

வாத்தியம் பழகுகிறவர்கள் கம்பிவழிக் கருவியையே வைத்துக்கொள்வது நல்லது. ப்ளூடூத்தில் ஒலி வந்துசேர நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதமாகும், தாளம் நிற்காது. இன்னொன்று: 2020, 2021 ஊரடங்குக் காலத்தில் இணையவகுப்பு எடுத்த ஆசிரியர்கள் பலரும் ஒரு புதிரைச் சந்தித்தோம். பாட்டு தெளிவாகக் கேட்ட அதே ப்ளூடூத் கருவியில், வகுப்பு தொடங்கி மைக் திறந்ததும் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பழைய ப்ளூடூத் முறையில் உயர்தர இசை ஒருவழிப் பாதை. மைக் வேண்டுமென்றால் கருவி தொலைபேசி முறைக்கு மாறி ஒலியைக் குறுக்கிக்கொள்கிறது. கணினியிலேயே உள்ள மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்போன் மீண்டும் இசைமுறைக்கு வந்துவிடும்.

*

இனித் தறிக்கு வருகிறேன். என் மாணவர்களுள் பலர் தறிக்குடும்பங்களிலிருந்து வருபவர்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் என்று இச்சமவெளி முழுவதும் விசைத்தறியின் ஓசை பரவியிருக்கிறது. கைத்தறியின் ஓசைக்கு ஒரு தாளம் உண்டு. அதன் மேல் பேசலாம், பாடலாம். நாடாவை இயந்திரம் அடித்து விரட்டும் விசைத்தறிகள் பல சேர்ந்த பட்டறையில் ஓசை 90 டெசிபலைத் தாண்டும். அங்கே பேச்சு வாயசைவாலும் கையசைவாலும் நடக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைப் பெண்கள் இதே காரணத்தால் வாயசைவு மொழியொன்றை வளர்த்திருந்தார்கள். ஓசையால் காது கெடும் என்பது புதிய செய்தியும் அன்று. கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பார் 1886லேயே கொதிகலன் தொழிலாளரின் செவிட்டுத்தன்மையை ஆராய்ந்து எழுதினார். நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஓசையால் வரும் செவித்திறன் இழப்பு, அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இடம்பெற்றிருந்தது. வீட்டோடு ஒட்டிய சிறு பட்டறைகளுக்குள் அந்தச் சட்டத்தின் கை நீண்டதேயில்லை.

லீட்ஸில் நெசவு படித்த சுந்தரம் சேலத்தில் ஒலிக்கூடம் அமைத்தபோது அதன் சுவர்கள் வெளியோசையை உள்ளே விடாமல் காத்தன. அவர் கைவிட்டு வந்த தொழிலின் கூடங்களுக்கு அப்படியொரு சுவர் எவரும் கட்டவில்லை.

முன்பு பட்டறையில் பாட்டு வேண்டுமென்றால் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி. இப்போது ஒவ்வொருவர் காதிலும் நெக்பேண்ட். பன்னிரண்டு மணி நேர ஷிப்டைப் பாட்டில்லாமல் கடப்பது எளிதன்று என்பதை அறிவேன். ஆகையால் இதைக் கண்டித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். 85 டெசிபல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி. தறியோசை 95 என்று கொண்டால், காவலின்றி நிற்கத்தக்க நேரம் ஒரு மணிக்கும் குறைவு. அந்த ஓசைக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமானால் பாட்டை அதற்கு இணையாகவாவது ஏற்ற வேண்டும். பொழுதுபோக்குக் கேட்டலுக்கு உலக நலவாழ்வு அமைப்பு சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி. 90 டெசிபலில் வாரத்துக்கே 4 மணிதான். ஒரே ஷிப்டில் பல வாரங்களின் பங்கு தீர்ந்துபோகிறது.

'ஓசை நீக்கும்' ஹெட்போன் வாங்கினால் தீருமே என்று கேட்பார்கள். இதன் கருத்து 1930களில் ஜெர்மானியரான பால் லூக் பெற்ற காப்புரிமையில் தொடங்குகிறது: வெளியோசையை மைக்கால் வாங்கி, அதன் அலையைத் தலைகீழாக்கிச் செலுத்தி ஒன்றையொன்று அழிப்பது. இதை மக்கள் கைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அமர் போஸ். கல்கத்தாவிலிருந்து வெள்ளையர் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சென்ற விடுதலை வீரர் நோனி கோபால் போஸின் மகன். 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது விமான இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாத எரிச்சலில் காகிதத்தை எடுத்துக் கணக்குப்போடத் தொடங்கினார். 1989இல் விமானிகளுக்கான கருவி விற்பனைக்கு வந்தது. விமானம், ரயில், சேலம்–சென்னைப் பேருந்து போன்ற தாழ்ந்து சீராக ஓடும் இரைச்சலை இம்முறை நன்றாகவே குறைக்கிறது. அங்கே அதற்கு விலை கொடுக்கலாம். பாட்டைத் தணித்து வைத்துக் கேட்க உதவுவதால் காதுக்கும் நன்மை. தறியின் நாடா அடியோ திடீர்த் திடீரென்று வெடிக்கும் ஓசை, உயர்சுருதிகள் நிறைந்தது. அலையைக் கவிழ்க்கும் வித்தை அங்கே தடுமாறும். அந்த இடத்துக்கு உரியது செவிகளை இறுக மூடும் தொழிற்சாலைக் காதுக்காப்பு, அல்லது பஞ்சுநுரை அடைப்பான். பின்னதன் விலை ஒரு தேநீரின் விலையளவே வரும். சில தொழிற்காப்புகளில் ஒலியளவு வரம்பிட்ட ப்ளூடூத்தும் சேர்ந்து வருகிறது. விலை கூடுதல் என்றாலும் தறிக்குப் போகிறவருக்கு எல்டாக்கைவிட இதையே சொல்வேன். லாரி ஓட்டுகிறவர்களுக்கும் இருசக்கர வண்டியில் போகிறவர்களுக்கும் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். ஹாரன் கேட்க வேண்டும்.

வாங்குமுன் எண்ணவேண்டிய மற்றொன்று ஆயுள். பட்ஸினுள் இருக்கும் லித்தியம் மின்கலம் மிகச் சிறியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும், மாற்றுவதற்குத் திறக்கவும் வராது. வால்வு ரேடியோவைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனால் ரேடியோ மெக்கானிக் வால்வை மாற்றித் தருவார். தலைமேல் அணியும் சில ஹெட்போன்களில் காதுமெத்தையும் மின்கலமும் மாற்றத்தக்கவை. உடன் கம்பியும் தருகிறார்கள். ஐந்தாறு ஆண்டு வைத்துக்கொள்ள எண்ணுகிறவர் அவற்றையே பார்க்கலாம்.

2022இல் ஆராகாஸ்ட் என்ற புதிய முறை அறிவிக்கப்பட்டது. ஓர் அனுப்பியிலிருந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் தத்தம் ப்ளூடூத் கருவியில் ஒரே ஒலியைக் கேட்கலாம். அதற்கேற்ற காதுகேள் கருவியிலும் கேட்கலாம். பஞ்சாயத்து ரேடியோ இன்னொரு வடிவில் திரும்பி வருகிறது போலும். வாக்மேன் கைவிட்ட அந்த இரண்டாம் துளையும்தான்.

அந்தக் காதுகேள் கருவி தேவைப்படும் நிலைக்குப் போகாதிருப்பதற்கு வழி உண்டு. ஓசையால் வரும் இழப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய சுருதிகளில் ஒரு பள்ளமாகத் தோன்றுகிறது. உயிரொலிகளின் ஆற்றல் தாழ்சுருதியில் இருப்பதால் 'சத்தம் கேக்குது, பேச்சுதான் புரியலை' என்பார்கள். வல்லின மெய்களை வேறுபடுத்துவது பெரும்பாலும் உயர்சுருதிக் கூறுகளே. ஆகவே பட்டு என்பதும் பத்து என்பதும் பற்று என்பதும் அவர்களுக்குக் குழம்பத் தொடங்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் வரைபடம் எடுக்கிறார்கள். தறிவீட்டுப் பிள்ளைகளிடம், ஹெட்போன் வாங்கும் ஆண்டில் அப்பாவையும் அம்மாவையும் ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள் என்று சொல்லி வருகிறேன். சென்ற ஆண்டு மூவர் அழைத்துச் சென்றார்கள்.